பந்த விசாரம்

நம் நாட்டில் தோன்றிய சமயங்கள் ஒன்றோடொன்று எத்தனையோ விஷயங்களில் மாறுபட்டு வாதமிட்டிருந்தபோதிலும், உயிர் கட்டுண்டு கிடக்கிறது என்பதிலும், அந்தக் கட்டினின்று விடுபடுவதே அது அடையத்தக்க பெரும்பேறு என்பதிலும் ஏறக்குறைய ஒத்த கருத்துடையனவாகவே இருக்கின்றன. சைவர்கள் ஆணவம், கன்மம், மாயை என்ற மூன்றையும் பாசம் என்று கூறினர். சமணர்கள் வினையையே மிகவும் நுண்ணியதொரு பொருளாகக் கொண்டு, ஆசையும் வெகுளியும் பசைபோல் நிற்க அப்பொருள் ஆன்மாவில் வந்து ஒட்டுகிறது என்றனர். பௌத்தர்கள் பேதைமையில் தொடங்கிப் பன்னிரண்டு சார்புகள் ஒன்றையொன்று பற்றி வருவதைக் காட்டினர். பெரியோர்கள் இத்தனை பேரும் தலைமுறை தலைமுறையாகச் சொல்லக் கேட்ட நமக்கு, கட்டு என்றால் தீது, கட்டின்மை என்றால் நன்று என்னும் முடிவு ஆராய்ச்சி எதுவுமின்றியே மனத்தில் படிந்து போயிற்று. அப்பெரியோர்கள் கூறியது இதுதானா, கட்டுகள் யாவும் ஒரே இனத்தைச் சேர்ந்தனதாமா என்ற வினாவை, சமய நூல்களை மாத்திரம் வைத்துக்கொண்டு பாராமல், நம் காலத்து இரசாயன சாலையில் நடைபெறும் ஒரு காரியத்தையும் உடன் வைத்துக்கொண்டு விசாரிப்பது பயன் தரும் என்று எனக்குத் தோன்றுகிறது.

விசாரத்துக்குத் தகுந்த இடம் கொல்லிமலை. காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, கடல்மட்டத்துக்கு 1000 மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்தில் பரந்து கிடக்கும் அம்மலை நாடுகளுள் ஒன்றான வாழவந்தி நாட்டில், வல்வில் ஓரியின் சிலை நிற்கும் செம்மேட்டில் நின்று பார்ப்பவன், தினையும் சாமையும் மிளகும் விளையும் பழைய உலகம் ஒன்றையும், மலையிறங்கிச் சென்றால் நாமக்கல் சமவெளியில் வரிசை வரிசையாக நீண்டு கிடக்கும் கோழிப் பண்ணைகளின் புதிய உலகம் ஒன்றையும் ஒரே நாளில் கண்டுவிடலாம். கட்டுதலைப் பற்றிய இரண்டு பழைய எண்ணங்களும் இந்த மலைக்கே உரியனவாக வழங்கிவருகின்றன. ஒன்று கொல்லிப் பாவை. காற்று மோதினாலும், மழை அடித்தாலும், இடி விழுந்தாலும், நிலமே நடுங்கினாலும் தன் வடிவு குலையாமல் நிற்பதாக நற்றிணை அதனைப் பேசுகிறது. இடம்விட்டு நகராத அப்பாவை தன்னை நாடி வரும் பகைவரைச் சிரித்து மயக்கி மாய்த்துவிடும் என்று பிற்காலத்தார் கூறினர். மற்றொன்று சித்தர்களைப் பற்றியது. ஆகாய கங்கை அருவியை அடுத்த குகைகளில் தவம் புரிந்தவர்களாக இம்மலையார் நினைவுகூரும் அப்பெரியோர்களின் மரபு, ஓடிக்கொண்டேயிருக்கும் பாதரசத்தைக் கட்டுவதைப் பெரியதொரு வித்தையாகப் போற்றியது. சித்த வைத்தியத்தில் உள்ளுக்குக் கொடுக்கும் 32 வகை மருந்துகளுள் கட்டு என்பதும் ஒரு வகையாகவே எண்ணப்படுகிறது. நகராத பாவைக்கு ஆற்றல் உண்டென்றும், கட்டுண்ட இரசத்துக்குக் குணம் உண்டென்றும் நம்பிய இம்முன்னோர்கள், அந்நம்பிக்கைகளின் உண்மை எவ்வாறாயினும், கட்டு யாவும் அழிவு என்று எண்ணியவர்களாகத் தோன்றவில்லை.

இனி, இரசாயன சாலையில் நடைபெறும் காரியம் யாது என்று பார்ப்போம். ஒவ்வோர் உயிரணுவினுள்ளும் நொதிகள் என்ற புரதங்கள் பல இருந்து தொழில் புரிகின்றன. நீண்டதொரு நூலைச் சுருட்டி மடித்தாற்போன்ற அமைப்புடைய நொதி, அந்த மடிப்புகளுக்கிடையே தனக்குரிய ஒரு பொருள் மாத்திரம் வந்து பொருந்தும்படியான ஒரு பள்ளத்தை வைத்துக்கொண்டு, அங்கு வரும் பொருளை உடைத்தோ இணைத்தோ மாற்றிவிட்டு, தான் மாறுதல் ஏதுமின்றி அடுத்த பொருளை ஏற்க நிற்கிறது. சூரியனுடைய சந்நிதியில் தாமரை மலர்வதும் சூரியகாந்தக் கல் தீயை உமிழ்வதும் நிகழ, சூரியன் அவற்றால் விகாரப்படுவதில்லை என்று சைவ சித்தாந்திகள் இறைவனுடைய செயலுக்குக் காட்டும் நியாயத்தை அறிந்தவர்களுக்கு இந்த நொதியின் நடத்தை மிகவும் வியப்பாக இராது. ஆனால், நீரில் கரைந்து தன்னிச்சையாகத் திரியும் நொதிக்கு இரண்டு குறைகள் உண்டு. வேலை முடிந்த பிறகு அதனைத் திரும்பப் பிரித்தெடுப்பது அரிது. தனியே திரியத் திரிய அதன் மடிப்புகள் அவிழ்ந்து, வடிவு குலைந்து, சில நாட்களில் அது வெறும் புரதமாகி விடுகிறது. யாதொரு கட்டுமின்றி இருக்கும் நிலையே அதன் விரைவான அழிவுக்கு வாயிலாகிறது.

1916ஆம் ஆண்டில் நெல்சன், கிரிஃபின் என்ற இரு அமெரிக்க இரசாயனிகள் சர்க்கரையைச் சிதைக்கும் இன்வர்டேஸ் என்ற நொதி கரித்தூளில் ஒட்டிக்கொண்ட நிலையிலும் தன் தொழிலைக் குறைவின்றிச் செய்வதைக் கண்டு எழுதினர். அக்கண்டுபிடிப்பின் பயன் உணரப்பட நெடுங்காலம் சென்றது. 1962இல் லீலண்ட் கிளார்க் என்பவர் சாம்ப் லயன்ஸ் என்பவரோடு சேர்ந்து, நொதியை மின்முனையின் அருகே நிறுத்திக் குருதியிலுள்ள குளுக்கோஸை அளக்கலாம் என்ற யோசனையை வெளியிட்டார். 1967இல் அப்டைக், ஹிக்ஸ் என்ற இருவர் பாலிஅக்ரிலமைடு என்ற பாலிமர்க் கூழில் நொதியை அடக்கி அந்த யோசனையை நிறைவேற்றினர். 1969இல் ஜப்பானியத் தொழிற்சாலை ஒன்று, கட்டப்பட்ட நொதியைக் கொண்டே அமினோ அமிலங்களைப் பெருமளவில் உற்பத்தி செய்யத் தொடங்கியது. இன்று மலைவாசியாயினும் நகரவாசியாயினும் சர்க்கரை நோயாளி தன் விரல் நுனியில் ஊசி குத்தி, ஒரு சொட்டு இரத்தத்தைச் சிறிய பட்டை ஒன்றில் வைத்துச் சில விநாடிகளில் எண்ணைப் படிக்கிறானே, அப்பட்டையின் நுனியில் உலர்ந்து காத்திருப்பதும் அவ்வாறு நிறுத்தி வைக்கப்பட்ட நொதிதான். இத்தகைய கருவிகளைப் பயோசென்சார் என்றும் உயிருணரி என்றும் வழங்குகிறார்கள்.

கட்டும் விதங்கள் பல. மேற்பரப்பில் ஒட்டவிடலாம், இரசாயனப் பிணைப்பால் இறுக்கலாம், நொதிகளை ஒன்றோடொன்று கோக்கலாம், வலைபோன்ற பாலிமர்ப் படலத்தின் கண்களுக்குள் சிறை வைக்கலாம். இறாலின் ஓட்டிலிருந்து எடுக்கப்படும் கைட்டோசான், மண்டபத்துக் கடலில் கிடைக்கும் பாசிகளிலிருந்து வரும் ஆல்ஜினேட், மின்சாரத்தைக் கடத்தும் பாலிபைரோல் ஆகியவை இதற்குப் பயன்படும் பொருள்களுள் சில. செய்முறையைச் சற்று அருகில் நின்று பார்த்தால்தான் அதன் நுட்பம் விளங்கும். காடியின் புளிப்பொத்த மென்மையான அமிலத்தில் கைட்டோசானைக் கரைத்து, புளிப்பை நொதி தாங்கும் அளவுக்குத் தணித்து, அதில் நொதியைச் சேர்த்து, அந்தத் தெளிந்த கூழில் ஒரு துளியை மின்முனையின் மீது விட்டு, சூடு படாமல் குளிர்ந்த இடத்தில் உலர்த்துகிறார்கள். பிறகு மிகவும் நீர்த்த குளுட்டரால்டிஹைடு கரைசலில் சிறிது பொழுது நனைத்தால், படலத்தின் இழைகளும் நொதியும் ஆங்காங்கே கைகோத்துக்கொள்கின்றன. இந்தக் கரைசல் சிறிது குறைந்தாலும் நொதி கழன்று நீரோடு போய்விடும். சிறிது கூடினாலும் அதன் அங்கங்கள் இறுகி, தன் பொருளை ஏற்பதற்காக அது செய்யவேண்டிய மிகச் சிறிய அசைவையும் செய்ய இயலாமற்போய், உருவம் இருக்க உயிர்ப்பு அற்றுவிடும். படலம் தடித்தாலோ, கண்டுபிடிக்கப்பட வேண்டிய பொருள் உள்ளே நுழைந்து நொதியை அடையவே காலம் பிடிக்கும். ஆக, கட்டுகிறவனுடைய வித்தை முழுவதும் எவ்வளவு இறுக்குவது என்பதைவிட எவ்வளவு இடம் விடுவது என்பதிலேயே அடங்கியிருக்கிறது. காரைக்குடியில் அழகப்பச் செட்டியார் வழங்கிய நிலத்தில் எழுந்து, தத்துவப் பேராசிரியராயிருந்த ராதாகிருஷ்ணன் அவர்களால் 1953 ஜனவரியில் திறந்து வைக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் போன்ற இடங்களில் இத்துறையில் உழைப்பவர்களுக்கு, இது ஏட்டுப் படிப்பாக இராமல் அன்றாட அனுபவமாகவே இருக்கும்.

இன்னொரு நுட்பமும் உண்டு. 1964இல் கட்சால்ஸ்கி என்ற இஸ்ரேல் நாட்டு விஞ்ஞானியும் அவருடைய தோழர்களும், எதிர்மின் தன்மையுள்ள பாலிமரோடு ஒரு நொதியைப் பிணைத்தபோது, அது சிறப்பாகத் தொழிற்படும் அமிலகார நிலையே ஓரிரு அலகு காரத்தின் பக்கமாக நகர்ந்துவிட்டதைக் கண்டார்கள். நொதி மாறவில்லை, அதனைச் சூழ்ந்திருந்த அண்டை அயல் மாறிற்று. உயிர் தான் எதனைச் சார்கிறதோ அதன் வண்ணமாகி நிற்கும் இயல்புடையது என்று மெய்கண்டார் வழிவந்தவர்கள் வற்புறுத்தியதற்கு இஃது ஒரு சான்றாகிவிடாது. ஆயினும், எதனோடு கட்டப்படுகிறோம் என்பது எவ்வளவு இறுக்கமாகக் கட்டப்படுகிறோம் என்பதைப் போலவே முக்கியமானது என்ற உண்மையை இங்கும் காண்கிறோம்.

இந்த உணரிகள் ஆன்டிபயாடிக் மருந்துகளைக் கண்டுபிடிக்க வந்த வரலாறு விசித்திரமானது. பெனிசிலின் நோயாளிகளுக்குப் பரவலாக வழங்கப்படுவதற்கு முன்பே, 1940இல், ஆப்ரகாம், செயின் என்ற இருவர் அம்மருந்தை அழிக்கும் நொதி ஒன்று பாக்டீரியாவிடம் இருப்பதைக் கண்டனர். பெனிசிலினேஸ் எனப் பெயர்பெற்ற அந்நொதி, பெனிசிலினின் உயிர்நிலையான நான்கணு வளையத்தை நீரின் துணையால் உடைத்துவிடுகிறது; உடைந்ததும் அமிலம் பிறக்கிறது. மனித குலத்துக்குப் பகையான இந்த நொதியையே பிடித்து, பாலிமர்க் கூழில் அடக்கி, அமிலத்தை அளக்கும் கண்ணாடி முனையின்மேல் மெல்லிய தோல்போல் போர்த்தி, 1973இல் பப்பாரியெல்லோ, முகர்ஜி, ஷியரர் என்ற மூவர் பெனிசிலினை அளந்து காட்டினர். அமிலத்தன்மையில் ஓரலகு மாறினால் அறை வெப்பத்தில் ஏறத்தாழ 59 மில்லிவோல்ட் மின்னழுத்தம் மாறும். அதனை அளக்கும் கருவியின் முள் அசைவதைக் கண்டு மருந்து எவ்வளவு என்று கணக்கிடலாம். ஆனால் பாலில் தங்கும் எச்சத்தைக் காண அந்த முறை போதாது. பென்சைல் பெனிசிலினுக்கு ஐரோப்பிய ஒன்றியம் வகுத்த உச்ச அளவு ஒரு கிலோ பாலுக்கு 4 மைக்ரோகிராம்தான். அந்தப் பழைய முனைக்கோ அதைவிடப் பல ஆயிரம் மடங்கு மருந்து இருந்தால்தான் தெரியும். ஆகையால் வேறொரு வழியையும் மேற்கொண்டனர். பாக்டீரியாவின் சுவரைக் கட்டும் வேலையில் ஈடுபடும் வேறொரு நொதியைப் பாலில் விட்டால், பாலில் பெனிசிலின் இருக்குமாயின் அது அந்நொதியைப் பற்றிக்கொண்டு செயலற்றதாக்கிவிடும். வேலை எவ்வளவு தடைப்பட்டது என்பதிலிருந்து மருந்தின் அளவை ஊகிக்கலாம். முந்திய நொதி மருந்தை உடைத்துச் சாட்சி சொல்கிறது; பிந்தியது தான் முடங்கிச் சாட்சி சொல்கிறது.

முந்திய இனத்து நொதிகளின் வலிமையை நாம் தொலைவிலிருந்து அறிந்தவர்கள் அல்லோம். ஏறக்குறைய எல்லாப் பெனிசிலின் இனத்து மருந்துகளையும் சிதைக்கும் என்டிஎம்-1 என்ற நொதி இந்தியாவிலும் அண்டை நாடுகளிலும் பரவியிருப்பதை 2010இல் உலகுக்கு அறிவித்த ஆய்வுக் கட்டுரையின் முதலாசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்த்திகேயன் குமாரசாமி. திரிகின்ற நிலையில் மருத்துவமனைகளை அச்சுறுத்தும் ஓர் இனத்து நொதி, நிறுத்தப்பட்ட நிலையில் நமக்குக் காவலாளியாகிறது. அதன் சுபாவம் இரண்டிடத்தும் ஒன்றே. அதனைக் கொண்டு நிகழும் பயன்தான் வேறு.

இதுவரை கண்டதிலிருந்து பெறப்படுவது என்ன? 'எங்கெங்குக் கட்டு உண்டோ அங்கங்கு இயல்பின் அழிவு உண்டு' என்பதே நாம் ஆராயாமல் ஏற்றுக்கொண்டிருந்த வியாப்தி. தருக்க சாஸ்திரப்படி ஒரு வியாப்தியை முறிப்பதற்கு மாறான திருஷ்டாந்தம் ஒன்றிருந்தாலே போதும். படலத்தில் கட்டுண்ட நொதி அத்தகைய திருஷ்டாந்தம்: கட்டு உண்டு, இயல்பு அழியவில்லை, அழியாததோடு, கட்டில்லாத காலத்தைவிட நெடுநாள் நிலைக்கவும் செய்கிறது. அறிவற்ற சடப்பொருளுக்கும் அறிவுடைய ஆன்மாவுக்கும் எவ்வாறு ஒப்புமை கூறலாம் என்று ஆட்சேபிப்பவர்களுக்கு நான் சொல்லும் சமாதானம் இதுவே: ஆன்மா நொதியைப் போன்றது என்று இங்கு யாரும் சாதிக்கவில்லை, எல்லாக் கட்டையும் ஒரே தட்டில் வைத்த பொது முடிவு ஒன்றுதான் முறிந்தது. முறிந்தபின் எக்கட்டு தீது, எக்கட்டு நன்று என்று பகுத்துணரும் கடமை நமக்கு வந்துசேர்கிறது.

அந்தக் கடமையை மனத்திற்கொண்டு மலையிறங்கினால், எதிர்ப்படுவது வேறு வகையான கட்டு. நாட்டின் முட்டைத் தொழிலில் தலைமை வகிக்கும் நாமக்கல் வட்டாரத்தில் மட்டுமன்றி உலகின் பல பாகங்களிலும், முட்டைக் கோழியைக் கம்பிக் கூண்டில் நெருக்கமாக அடைத்து வளர்ப்பது வழக்கமாகிவிட்டது. பழைய கூண்டு முறையில் ஒரு கோழிக்குக் கிடைக்கும் இடம் நாம் எழுதும் ஒரு முழுத்தாளின் பரப்பளவுகூட இராது. சிறகை விரிக்கவோ, மண்ணைக் கிளறவோ, மறைவிடம் தேடி முட்டையிடவோ அதற்கு வழியில்லை. 2017இல் இந்தியச் சட்ட ஆணையம் தன் 269ஆவது அறிக்கையில் இதனை ஆராய்ந்து மாற்றங்களைப் பரிந்துரை செய்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2012 முதல் இவ்வகை வெறுங்கூண்டுகளை விலக்கிவிட்டது. நெருக்கம் மிகுந்த இடத்தில் நோய் பரவும் அச்சமும் மிகும். அதனோடு, அமெரிக்காவில் 1950ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஆரியோமைசின் என்ற ஆன்டிபயாடிக் மருந்து கலந்த தீவனத்தைத் தின்ற குஞ்சுகள் விரைவாக வளர்வது தெரியவரவே, மருந்தை நோய்க்குக் கொடுப்பது போய், நோயில்லாத உயிருக்கும் அன்றாடம் தீவனத்தில் சேர்ப்பது என்னும் பழக்கம் நாடுகள்தோறும் பரவலாயிற்று. மனிதனுக்குக் கடைசிப் புகலிடமாக வைத்திருக்கவேண்டிய கோலிஸ்டின் மருந்தும் இவ்வாறு செலவழிந்ததைக் கண்டே, உணவுக்காக வளர்க்கும் பிராணிகளுக்கு அதனைக் கொடுப்பதை இந்திய அரசு 2019 ஜூலையில் தடை செய்தது. நோயுற்ற பறவைக்கு மருந்து கொடுப்பது ஜீவகாருண்யம். நோயை வருவிக்கும் நெருக்கத்தை மாற்றாமலிருப்பதற்காக மருந்து கொடுப்பதை அப்பெயரால் அழைக்க முடியாது.

சமணர்களின் தத்துவார்த்த சூத்திரம், கொல்லாமை விரதத்துக்கு வரும் குற்றங்கள் ஐந்து என்று எண்ணி, பிராணிகளைக் கட்டிவைத்தலை முதலிலும், அடித்தல், உறுப்பை அறுத்தல், மிகையான பாரம் ஏற்றுதல், உணவும் நீரும் மறுத்தல் ஆகியவற்றை அதன்பின்னும் வைத்தது. கொல்லாமல் விட்டுவிட்டாலே விரதம் நிறைவேறிவிட்டது என்று இல்லறத்தான் எண்ணிவிடலாகாது என்பதே இதன் கருத்து. ஆனால் மாட்டையும் கன்றையும் கட்டாமல் இல்லறம் நடவாதே என்ற கேள்வி எழுந்தபோது, சிராவக ஒழுக்கத்தை விரித்துரைத்த ஆசிரியர்கள், தீப்பற்றினால் உடனே அவிழ்க்கும்படியாகத் தளர்ந்த முடிச்சாகப் போடுக என்று விடை தந்தார்கள். தளர்ச்சியும் அவிழ்ப்பும் ஆகிய இரண்டையும் கட்டின் இலக்கணத்திலேயே சேர்த்துவிட்ட அவ்விடையின் நுட்பம் பாராட்டத்தக்கது.

இங்கு ஓர் ஐயம் எழக்கூடும். அளவுக்கு மீறி இறுக்கினால் நொதி தன் வேலையை நிறுத்திவிடுகிறதே, கோழியும் அவ்வாறு நிறுத்திவிடுமன்றோ? நிறுத்தவில்லை என்பதே இவ்விஷயத்தின் துயரம். கூண்டுக் கோழி ஆண்டுக்கு ஏறத்தாழ முந்நூறு முட்டை இட்டுக்கொண்டுதான் இருக்கிறது. அதன் உடல் கொடுக்கும் விளைவு நிற்காதபடி, அதன் வாழ்வுக்குரிய மற்றெல்லாவற்றையும் பறிக்க முடியும். ஆகவே பயன் கிடைக்கிறது என்பதை வைத்துக்கொண்டு கட்டு நல்லதென்று தீர்ப்பளிக்க இயலாது. நொதி தன்னைக் கட்டியவனிடம் தவறுக்கு அன்றே கணக்குக் கேட்டுவிடுகிறது. கோழியால் அவ்வாறு கேட்க முடிவதில்லை. அதன் சார்பில் கணக்குக் கேட்பது முட்டையிலும் இறைச்சியிலும் தங்கிவிடும் மருந்தின் எச்சமும், அம்மருந்துக்கு அடங்காமல் வளர்ந்துவிட்ட கிருமிகளுமே. தவறாகக் கட்டப்பட்ட ஓர் உயிரின் முறையீட்டைச் சரியாகக் கட்டப்பட்ட ஒரு நொதி படித்துச் சொல்கிறது என்று இந்த உணரியின் தத்துவத்தைச் சுருக்கிக் கூறலாம். அதுவும் தன் எல்லைக்குட்பட்டே சொல்கிறது, பெனிசிலினை அறியும் நொதிக்குக் கோலிஸ்டின் தெரியாது, டெட்ராசைக்ளினும் தெரியாது. ஒவ்வோர் அளவைக்கும் விஷயம் வரையறுக்கப்பட்டது என்று நம் தருக்கிகள் சொன்னதை இதிலும் மறக்கலாகாது.

மறுபடியும் மலைமேல் சென்றால், வாழவந்தி நாட்டுக் குடியானவன் வீட்டு வாசலிலும் ஒரு கட்டைக் காணலாம். பகலெல்லாம் மேட்டிலும் பள்ளத்திலும் மேய்ந்து திரிந்த நாட்டுக்கோழியை, அந்தி சாய்ந்ததும் குஞ்சுகளோடு சேர்த்துப் பஞ்சாரத்தால் கவிழ்த்து மூடுகிறார்கள். கீரிக்கும் காட்டுப்பூனைக்கும் அஞ்சி மூடிய அதனை விடிந்ததும் எடுத்துவிடுகிறார்கள். இதுவும் அடைப்புத்தான். ஆனால் இந்த அடைப்பு, அடைபட்டதன் நன்மையை நோக்கியது. முடியும் வேளையைத் தன்னுள்ளேயே கொண்டது. நொதியின் கட்டுக்கு இந்தப் பெருமை இல்லை. அதற்கு இடம் விடப்படுகிறது, விடுதலை எண்ணப்படவில்லை, சடமாகையால் அதற்கு அது வேண்டுவதுமில்லை. ஆன்மாவுக்கோ இரண்டும் வேண்டும்.

சைவ சித்தாந்தம் இவ்விடத்தில்தான் ஆழ்ந்த ஒரு கருத்தைக் கூறுகிறது. தனு, கரணம், புவனம், போகம் என்று உடலும் மனமும் உலகும் நுகர்ச்சியுமாக நம்மைக் கட்டியிருக்கும் மாயையும் மலமே. ஆயினும் அம்மலத்தை இறைவன் உயிர்மேல் சேர்த்தது அதனை வருத்துவதற்காக அன்று. அநாதியே உயிரை மறைத்து நிற்கும் ஆணவமாகிய மலத்தைக் கழற்றுவதற்காகவே. வண்ணான் அழுக்கேறிய துணியில் சாணமும் உவர்மண்ணும் ஏற்றி, பிறகு அவ்வழுக்கோடு இவையும் சேர்ந்து போகும்படி வெளுக்கிறான் என்று சிவஞான சித்தியார் இதனை விளக்கும். ஏற்றிய மண் துணியிலேயே தங்கிவிடுமானால் வெளுத்தவனை யார் மெச்சுவார்? அருளாகிய கட்டு, வீட்டை நோக்கமாகக் கொண்டு இடப்படுகிறது. அந்நோக்கம் இல்லாத கட்டு, எத்தனை பயன் விளைத்தாலும், பாசமேயாகும். வைணவர்கள் உயிர் இறைவனுக்கு அடிமையாயிருப்பதையே அதன் சொரூபம் என்று கொண்டபோதும், யசோதையின் தாம்புக்குத் தானே கட்டுண்ட தாமோதரனையே அவ்வடிமைக்கு எசமானாகக் காட்டினர். கட்டுபவன் தானும் கட்டுப்படச் சித்தமாயிருத்தல் வேண்டும் என்ற நியாயம் அதனுள் அடங்கியிருப்பதாக நான் கருதுகிறேன்.

கட்டு நன்மைக்கே என்ற வாதம் கொடியவர் கையில் அகப்படின் என்னவாகும் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். கடனைக் காட்டி மனிதனைத் தலைமுறை தலைமுறையாகப் பண்ணையில் பிணைத்து வைத்தவர்களும், அவனுக்குச் சோறும் நிழலும் கிடைக்கின்றன என்றே பேசினர். 1976ஆம் ஆண்டுக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்து அந்தப் பேச்சை மறுக்கவேண்டியிருந்தது. பெண்ணை வீட்டுக்குள் நிறுத்தியவர்களும் காவல் என்றே அதற்குப் பெயரிட்டனர். எனவே கட்டைச் சோதிக்க மூன்று கேள்விகள் கேட்கவேண்டும். கட்டுண்டதன் சுபாவத்துக்குரிய அசைவுக்கு அதில் இடம் இருக்கிறதா? அது கட்டுண்டதன் நன்மையையும் நாடுகிறதா, அல்லது கட்டியவனுடைய இலாபத்தை மாத்திரம் நாடுகிறதா? அவிழ்க்கும் காலமும் முறையும் அதற்கு உண்டா? துறவி ஏற்கும் விரதமும், மாணவன் ஏற்கும் குருகுல வாசமும், இல்வாழ்வான் ஏற்கும் கடமைகளும் இக்கேள்விகளுக்கு விடை சொல்லக்கூடியவை. சொல்ல இயலாதபோது அவையும் வெறும் சிறையாகிவிடுகின்றன. கொத்தடிமை முறையினால் மூன்றுக்கும் விடை சொல்ல முடியவில்லை. கம்பிக் கூண்டினாலும் முடியவில்லை.

பந்தம் தீதா என்று பொதுப்படக் கேட்பதை விடுத்து, இந்தப் பந்தம் யாருக்காக, எவ்வளவு, எதுவரை என்று தனித்தனியே கேட்பதுதான் முறையான விசாரம் என்ற முடிவுக்கே வருகிறோம். இம்முடிவு ஒரு பொறுப்பையும் கொண்டுவருகிறது. முட்டையிலோ பாலிலோ மருந்து கலந்திருப்பதை அறியும் வழி இல்லாத காலத்தில், அறியாமல் செய்த பிழை என்று ஒதுங்கிவிட இடமிருந்தது. கண்ணுக்குப் புலனாகாத எச்சத்தையும் காட்டக்கூடிய உணரிகள் வந்துவிட்ட பின்னர் அந்த இடம் இல்லை. ஆனால் மருந்து இருக்கிறது என்று உணரி காட்டியதும் அம்மருந்தை மட்டும் மாற்றி, அல்லது அந்த உணரிக்கு அகப்படாத வேறொரு மருந்தைத் தேடி, காரியம் முடிந்தது என்று இருந்துவிடுவோமானால், நோயின் குறியை மறைத்து நோயை வளர்த்த வைத்தியர்களாவோம். எச்சத்தை அளந்தவர்கள் அடுத்தபடியாக அளக்கவேண்டியது கூண்டின் அகலத்தை. அதற்கு நொதியும் வேண்டாம், பாலிமரும் வேண்டாம், ஒரு முழக்கோல் போதும்.